கார்களுக்கு ஓர் எல்கைப் பந்தயம்

புது ஆயில் சீல் பாக்கெட்டைப் பிரித்தால் குப்பென்று ஒரு ரப்பர் வாசனை வரும். பொன்னமராவதியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடச் சேர்ந்த புதிதில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஆறே மாதத்தில், கண்ணை மூடிக்கொண்டே எது கிளட்ச் பிளேட், எது பிரேக் ஷூ என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

ஆனால் விற்கிற ஒரு சாமானையும் வண்டியில் மாட்டிப் பார்த்ததில்லை... எதிர் ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்தால், கிரீஸ் பட்டுவிடும், அங்கிட்டு நில்லு பாப்பா என்று விரட்டுவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அப்போதுதான் ஓர் ஆயில் கம்பெனி கடை ஊழியர்களுக்குப் போட்டி வைத்தது. பத்து பாகங்களின் படம் இருக்கும், ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். முதலாளி அந்தத் தாளில் வடையை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கறையோடு வாங்கி எழுதிப் போட்டேன்.

ஜெயித்துவிட்டேன்!

கோயம்புத்தூர் பக்கம் கார் ரேலி பார்க்க இரண்டு பேருக்கு டிக்கெட், தங்க ரூம், சாப்பாடு. மெக்கானிக்குகள் வேலை செய்யும் இடத்தையும் காட்டுவார்களாம். கடிதத்தில் எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டது. பதினைந்து நாளைக்குள் பதில் போட வேண்டும். நான் போகாவிட்டால் தன் மச்சானை அனுப்புவதாக முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் பெருமையாக வாசித்துக் காட்ட வேண்டுமே... டிக்‌ஷனரியைப் புரட்டினேன். ரேலி என்றால் பேரணி என்று போட்டிருந்தது. அப்படியே அப்பாவிடம் போய், கார் பேரணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். சிரிக்காதீர்கள்.

அப்பா முகம் மாறிப்போனது. ஒருகாலத்தில் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்காகக் கட்சிப் பேரணிக்கு லாரியில் ஏறிப் போனவர் அவர். நெரிசலில் விழுந்து கை ஒடிந்தது. கூட்டிப் போனவன் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பேரணி என்ற சொல்லையே வீட்டில் சேர்க்கமாட்டார். முடியாது என்றார், எழுந்து போய்விட்டார்.

மறுநாள், அது பேரணி இல்லை அப்பா, ரேஸ் என்றேன். குதிரை ரேஸில் குடும்பம் குடும்பமாக அழிந்த கதைகளை ஒரு மணி நேரம் சொன்னார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது நானேதான்.

அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். எதற்கும் அவர் அசையவில்லை. ஆனால் அந்த மச்சான் போவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, போயே தீருவது என்று மனசு இறுகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அப்பா பக்கத்து ஊருக்கு எல்கைப் பந்தயம் பார்க்கப் போய்வந்தார். மாட்டு வண்டிகள் எல்லையைத் தொட்டுத் திரும்புகிற பந்தயம். பெரிய மாட்டுக்குத் தனி, சின்ன மாட்டுக்குத் தனி என்று நடக்கும், வண்டிக்குச் சாரதியும் துணைச் சாரதியும் உண்டு. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அது இல்லாமல் இருக்காது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, தலையெல்லாம் புழுதியோடு, எந்த ஜோடி எங்கே திரும்பியது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே நின்ற எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"அப்பா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அது காருக்கு வைக்கிற எல்கைப் பந்தயம்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரிய மாடா, சின்ன மாடா?"

"ரெண்டும் உண்டுப்பா. பெரிய இஞ்சின் தனி, சின்ன இஞ்சின் தனி."

"சாரதி ஒருத்தன்தானா?"

"ஒருத்தர் ஓட்டுவாரு. பக்கத்துல ஒருத்தர் வழி சொல்லுவாரு."

"அப்பத் தொணைச் சாரதியும் இருக்கான்..." என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு, எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார். துணைக்கு வருபவர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதி அன்றைக்கே தபாலில் போட்டேன்.

அங்கே போனால் ஒரே செம்மண் புழுதி... கார் கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். எல்லா வண்டியையும் ஒன்றாக விடாமல் ஒற்றை ஒற்றையாக விட்டால் யார் முந்தினான் என்று எப்படித் தெரியும் என்று பக்கத்தில் நின்றவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் கூடாரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள், அதைத் தாண்டக் கூடாது. உள்ளே ஒரு காரில் ஷாக் அப்சார்பர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவை பில் போட்ட சாமான்... இங்கேயும் எட்டத்தில் நின்றுதான் பார்க்க வேண்டுமா என்று கண் கலங்கிவிட்டது.

அப்பா கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனார். தனக்கென்று யாரிடமும் ஒன்றும் கேட்காத மனுஷன்.

"தம்பி, இந்தச் சாமானெல்லாம் எம்பொண்ணு பேரு சொல்லி விக்கிறவ. ஒண்ணையும் கையால மாட்டுனதில்ல. ஒருக்கா வுடுங்கய்யா."

போட்டியிலிருந்து விலகிய கார் ஒன்று ஓரமாக நின்றது. அதன் முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேட் மாட்டச் சொல்லி என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்கள். முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, நல்லா முறுக்கு தாயி என்று பின்னால் நின்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

இப்போது கந்தர்வக்கோட்டையில் எனக்கே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. மெக்கானிக் இல்லையாம்மா என்று கேட்டு வருகிறவர்களிடம், நான்தான் சொல்லுங்க என்கிறேன். ரேலியெல்லாம் இப்போது போனிலேயே வருகிறது. ஒரு கையில் டீயோடு இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறேன்.

போன வருஷம் சாமான் எடுக்கக் கோயம்புத்தூருக்கே போயிருந்தேன். அன்றைக்கு அங்கே ரேலி. நேரமில்லை என்று திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. முதல் தடவை அப்பா தடுத்தும் விடாமல் போனேன். இன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை, அப்படியும் போகவில்லையே...

இந்த வருஷம் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு ரேலிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். எழுபத்து நாலு வயது அப்பா, தானும் வருவேன் என்றார். முழங்கால் மடங்காது, கூட்டம் வேறு. இந்தக் காலோடு வேண்டாம் என்றேன்.

"நீ கேட்டப்ப நான் வரலயா? இப்ப நான் கேக்குறேன் தாயி."

இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.