முதுகில் கனகசபை

டென்மார்க்கில் தொலைபேசி அடித்தால் எடுப்பவர் 'ஹலோ' சொல்வதில்லை. தன் பெயரைச் சொல்கிறார். அழைப்பது யார், எதற்கு என்று ஒன்றும் தெரியாது. அதற்குள் முகம் தெரியாத ஆளிடம் தன் பெயரைக் கொடுத்துவிடுகிறார். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான். வந்த புதிதில் எனக்கு இது நம்பமுடியாத தைரியமாகப் பட்டது. நான் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் அப்போது யாராவது வாசலில் நின்று பெயர் கேட்டால், பதில் சொல்ல முதல் அவர் காலில் இருப்பது இராணுவச் சப்பாத்தா என்று பார்ப்போம்.

நானோ இந்த நாட்டுக்குள் இன்னொருவனின் பெயரில் வந்தவன். காசு வாங்கி ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போர்ட்டில் இருந்த பெயரையும் பிறந்த திகதியையும் விமானத்தில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்று அவன் எச்சரித்திருந்தான். கோப்பன்ஹேகனில் இறங்கிப் பொலிசாரிடம், அவன் நானில்லை, நான் மகேந்திரன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரையும் போல நானும் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அரசாங்கத்துக்கு நான் மிஸ்டர் கனகசபை.

அகதி முகாமிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பக்கத்தில் நின்று வேலை செய்தவன் யென்ஸ். பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடம் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துவிட்டு வந்தவன். வரும்போது ஒரு பை நிறையத் தோள் கவசங்களும் தலைக்கவசங்களும் கொண்டுவந்து, ஊரில் அமெரிக்கக் கால்பந்துக் குழு ஒன்று தொடங்கியிருந்தான். எனது தோளின் அகலத்தைக் கண்டு என்னையும் இழுத்துப்போனான். கால்பந்து என்று பெயர், ஆடுவது கையால். பந்தும் உருண்டை இல்லை, நெற்றுத் தேங்காய் போல இருந்தது.

முதல் நாள் பெரிய வெட்கக்கேடு. கோட்டில் நின்று எதிரியை மறி என்றான் யென்ஸ். கோட்டில் நின்று மறிப்பதை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஊரில் கிளித்தட்டு விளையாடும்போது, கோட்டில் நிற்பவன் தொட்டால் ஆள் அவுட்; என்னைத் தாண்டிப் போனவர்கள் எங்கள் ஒழுங்கையில் கொஞ்சப் பேர்தான். கையை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடி, பந்தோடு வந்தவனின் முதுகில் ஒன்று தட்டிவிட்டு, ஆள் அவுட் என்று பெருமையாக நின்றேன். அவன் நிற்கவில்லை. கடைசிக் கோடுவரை ஓடிப் பந்தை வைத்துவிட்டான். இங்கே தொட்டால் போதாதாம், கட்டிப்பிடித்து விழுத்தவேண்டுமாம். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த முறை அவனைச் சேற்றோடு சேற்றாக விழுத்தினேன். அத்தோடு நானும் குழுவில் ஒருவன்.

சாப்பாட்டு இடைவேளையில் கறுத்தப் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு யென்ஸ் இந்த விளையாட்டின் பழைய கதைகளைச் சொல்வான். பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டாம் இது. காசுக்கு ஆடுவது கனவான்களுக்கு இழுக்கு. ஆனால் பென்சில்வேனியாவின் இரும்பாலை ஊர்களில், பக்கத்து ஊரை வெல்லவேண்டும் என்ற வெறியில், கழகங்கள் நல்ல ஆட்டக்காரருக்குக் களவாகக் காசு கொடுக்கத் தொடங்கின. வெற்றிப் பரிசென்று தங்கக் கைக்கடிகாரம் கொடுப்பார்களாம். ஆட்டக்காரன் அதை அடகு வைத்துக் காசு எடுப்பான். கழகத்துக்காரர் அதை மீட்டு, அடுத்த ஆட்டம் முடிய அதே கடிகாரத்தைத் திரும்பப் பரிசளிப்பார்கள். நாங்களும் கெட்டிக்காரர்தான், ஆனால் இது எங்களுக்கே தோன்றாத வித்தை. பிறகு ஒஹையோவில் ஒரு கார் விற்கும் கடையில் கூடி, கதிரை காணாமல் கார்களின் மிதிபலகையில் குந்தியிருந்து, தொழில்முறைச் சங்கத்தையே அமைத்துவிட்டார்கள். இன்றைக்கு உலகமே வாய்பிளக்கும் அமெரிக்க ஆட்டத்தின் பூர்வீகம் இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது யென்ஸின் முகம் மலரும்.

எனக்குப் பிடிபட்டது வேறு சங்கதி. சனிக்கிழமை கல்லூரிக்கு ஆடிய பெடியள் ஞாயிற்றுக்கிழமை கள்ளப் பெயரில் காசுக்கு ஆடுவார்களாம். ஆரம்பத்தில் அந்தச் சங்கத்தில் கறுப்பர்களும் சிலர் ஆடியிருக்கிறார்கள். பிறகு, எங்கும் எழுதி வைக்காமல், தங்களுக்குள் பேசிவைத்து அவர்களை வெளியே தள்ளி, பல வருடம் உள்ளே எடுக்கவில்லை. அவர்கள் எந்தக் கள்ளப் பெயரில் போய் ஆடுவது? கள்ளப் பெயர் வெள்ளைத் தோல்காரனுக்குத்தான் உதவும் என்று யென்ஸிடம் சொன்னேன். 

அப்படிச் சொன்ன என்னிடமே, ஓர்ஹூஸ் நகரக் குழுவோடு முதல் ஆட்டம் வந்தபோது, முதுகில் 'ஹான்சன்' என்று எழுதிய சட்டையை நீட்டினான். முழங்கால் முறிந்து விலகிய ஒருவனின் சட்டை. தைக்க வைத்திருந்த எழுத்துகளில் கனகசபை என்று எழுத வேண்டிய அளவு ஆங்கில 'ஏ' எழுத்து இல்லையாம். ஒலிபெருக்கியில் அறிவிப்பவருக்கும் வாயில் நுழையாதாம்.

"ஒரு சட்டைதானே" என்றான்.

"நான் ஒருமுறை வேறு பெயரில் வந்தவன். இனி மாட்டேன்" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாதே. மட்ச் பார்க்கப் பொலிஸ் வராது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பயந்திருந்தால் ஹான்சனாக ஆடியிருப்பேனே! கனகசபை இல்லையென்றால் நானும் இல்லை என்று சட்டையை அவன் மடியில் போட்டுவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஆட்டத்தை ஆட எனக்குக் கொள்ளை ஆசை. வேலைத்தலத்திலும் கடையிலும் நான் யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கி நிற்பவன். அந்தக் கோட்டில் மட்டும்தான் என்னைத் தள்ளாமல் ஒருவரும் போகமுடியாது.

என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் ஜெயம் அண்ணைக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வந்த இடத்தில ஏன்ரா சண்டை கொழுவுறாய்? ஹான்சன் எண்டு போட்டா உனக்கென்ன குறைஞ்சு போகுது?"

"எனக்குக் குறையாது அண்ணை. அப்பாவுக்குக் குறையும்."

"அவர் என்ன, வந்து பாக்கவே போறார்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துத் தானே எழும்பித் தன் வெள்ளைத் தலையணை உறையைக் கொண்டுவந்து போட்டார். "இந்தா, இதில எழுத்தை வெட்டு. கோணலாய் வெட்டிப்போடாதை."

வெட்டிய எழுத்துகளோடு யென்ஸின் வீட்டுக்குப் போனேன். அவன் அந்தச் சட்டையை எடுத்துவந்து 'ஹான்சன்' எழுத்துகளைப் பிரித்தான். அவனுடைய தாய் வாங்கிப் பார்த்துவிட்டு, என் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து, தையல் மெஷினில் உட்கார்ந்தார். பெயர் ஒரு தோளில் தொடங்கி மற்றத் தோளையும் தாண்டியது. கடைசி எழுத்துக் கமக்கட்டுக்குள் போய்விட்டது.

அந்த ஞாயிறு மழை தூறியது. ஜெயம் அண்ணை குடையோடு கோட்டோரத்தில் நின்றார். ஓர்ஹூஸ்காரன் ஒருவன் பந்தோடு வர, இந்த முறை தட்டிப் பார்க்கவில்லை, இடுப்பில் பிடித்து மண்ணில் போட்டேன். ஒலிபெருக்கிக்காரர் தயங்கித் தயங்கி, "கன... கச... பை" என்றார். உடனே மதிலோரத்தில் நின்ற சிறுவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கனகசபை! கனகசபை!

அப்பா ஓவசியர், வேலைகளை மேற்பார்ப்பவர். ஊரில் அவர் ஓவசியர் ஐயா. பக்கத்து வீட்டார் முதல் சங்கக்கடைக்காரர் வரை அவர் பெயரை மொட்டையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவார். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்ப்பார், நான்தான் சொல்வேன்.

"டேய் தம்பி," ஜெயம் அண்ணை குடையை ஆட்டிக் கத்தினார், "உன்ர அப்பரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களடா!"

எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. கையெடுத்து அவர்களை நிறுத்தவேண்டும் போல இருந்தது. நிறுத்திவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. சட்டையின் நெஞ்சில் ஹொல்ஸ்டெப்ரோ, முதுகில் அப்பா. சிறுவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவர்கள் கூப்பிட்டது அப்பாவை. திரும்பிப் பார்த்தது நான்.