பேத்தியின் மதியத் தூக்கம்

என் மகனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவான். மூன்று வயதுப் பேத்தியோ மதியத் தூக்கத்தையே விட்டுவிட்டு ஓடியாடிச் சத்தம் போடுவாள். மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த அன்று, குழந்தை தூங்கட்டும் என்று இருமல் மருந்தைக் கொடுத்துவிட்டேன். மாலையில் எவ்வளவு எழுப்பியும் அவள் கண் திறக்கவில்லை.

அப்போதுதான் மருமகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தையை உலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"என்ன குடுத்தீய மாமா?"

மறைக்காமல் சொன்னேன். மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குழந்தையோடு டாக்டரிடம் ஓடினாள். இரவில் பேத்தி கண் விழித்த பிறகே எனக்கு உயிர் வந்தது.

மருமகள் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "தூக்கம் வராத பிள்ளைய ஏன் மாமா படுக்கப் போடணும்? வேப்பமரத்தடியில வெளையாடட்டும், நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்த அவியளும் தூங்குவாக. ராத்திரி இவ வெள்ளனத் தூங்கிருவா," என்றாள். அப்படியே நடந்தது. அந்த நிதானத்தை இன்றும் வியக்கிறேன்.

மருந்து அலமாரிச் சாவி இப்போது அவளிடம். மதியம் நான் மரத்தடியில் பேத்தியோடு விளையாடுகிறேன். எனக்குக் கண் செருகினால், "தாத்தா, தூங்காதீய" என்று கன்னத்தில் தட்டுகிறாள்.