காலடியில் இருந்த பலகை

என் நண்பன் கதிர்வேலுவின் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அதற்குக் காரணம் நான்.

அவன் அப்படி நினைக்கவில்லை. தன் அஜாக்கிரதையால் போயிற்று என்றே இன்றும் நினைக்கிறான். அவன் மனைவி, சொந்தபந்தம், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அதே நினைப்புதான். அதைவிடக் கொடுமை... மீதிக் கையைக் காப்பாற்றியவன் நான் என்று வேறு நம்புகிறார்கள்! எட்டு வருடங்களாக அந்த நன்றியை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களைத் தெரியாது. அந்த வசதிக்காகத்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

என் பெயர் ரங்கராஜ். ஊர் காரமடை, பட்டறை கோவை கணபதியில். டீசல் பிக்கப் வண்டிகளின் வேகத்தைக் கூட்டுவது என் தொழில். தேங்காய் ஏற்றவும் சிமெண்ட் ஏற்றவும் செய்த வண்டியைப் பந்தயத்தில் ஓட விடுகிற பைத்தியக்காரர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தப் பைத்தியங்களுக்கு வைத்தியன் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ஒரு விசிறி. எவ்வளவு அழுத்தத்தில் திணிப்பது, அதற்கு எவ்வளவு டீசல் விடுவது என்று வண்டிக்குள் இருக்கும் கணினியில் ஒரு கணக்கு இருக்கும். அதற்கு மேப் என்று பெயர். லேப்டாப்பைச் சொருகி நான் அதை மாற்றி எழுதுவேன். இரண்டு எண்ணை மாற்றினால் பரம சாதுவான வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு சீறும்... அந்தச் சீற்றத்தைக் கேட்பதற்காகவே நான் உயிரோடு இருந்த காலம் அது.

கதிரும் நானும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. அவனுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்பு. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கதிர் என் அம்மாவிடம் இரண்டு வார்த்தை தெலுங்கில் உளறி, மூன்று தோசை கூடுதலாக வாங்கித் தின்பான். தோப்பில் தேங்காய் ஏற்றிய பழைய பிக்கப்தான் எங்கள் பந்தய வண்டி. அவன் ஓட்டுவான், நான் மேப் எழுதுவேன். ஓடும்போது பக்கத்துச் சீட்டில் மடியில் லேப்டாப்போடு நான் இருப்பேன்.

டீசல் வண்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. டர்போ விசிறியைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட் தேய்ந்து, ஆயிலைத் தடுக்கும் சீல் விட்டுப்போனால், இன்ஜின் தன்னுடைய ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இது நடக்கும். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் அணையாது. தானாக வேகம் ஏறி ஏறி, கடைசியில் வெடிக்கும். நிறுத்த ஒரே வழி, காற்று உள்ளே போகும் வாயை அடைப்பது. அதற்காகக் கதிர் ஒரு சாண் சதுரத்துக்கு வேப்பம்பலகை ஒன்றை அறுத்து வைத்திருந்தான். அது எப்போதும் பக்கத்துச் சீட்டுக்கு முன்னால், என் காலடியில் கிடக்கும். அந்த வாயில் ஒருபோதும் கையை வைக்கக் கூடாது. உள்ளே சுழலும் விசிறி கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழலும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

விரல்கள் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் கதிர் டர்போவுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தான்.

"டேய் ரங்கா, ஷாஃப்ட் லேசா ஆடுதுடா. காத்தழுத்தத்த முப்பதுக்கு மேல ஏத்திப்போடாத. புதுசு மாத்திட்டு அப்பறம் பாத்துக்கலாம்."

"சரிடா" என்றேன். தெளிவாகச் சொன்னேன். பிற்பாடு எத்தனையோ தடவை அந்த 'சரிடா'வை யோசித்திருக்கிறேன்... அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

உடுமலைக்கு வெளியே ஒரு நான்கு வழிச் சாலை போட்டு முடித்திருந்தார்கள், இன்னும் திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு இருபது வண்டிகள் கூடிவிட்டன. எங்களுக்கு எதிரே ஒரு நாமக்கல் வண்டி. மூன்று ஓட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அரை வண்டி நீளத்தில் தோற்றோம்.

தோற்றது கூடப் பரவாயில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் ஜன்னல் பக்கம் வந்து, மிக மரியாதையாகச் சொன்னார். "ஓட்டறவரு கெட்டிக்காரருங்க. மேப் எழுதறவருக்குத்தான் இன்னும் சூட்சுமம் புடிபடலையாட்ட இருக்குதுங்க."

எங்கள் ஊரில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. எப்போதும் இப்படித்தானே? ஜெயித்தால் கதிர் ஓட்டினான், தோற்றால் ரங்கராஜ் எழுதினான்! இத்தனை வருடமும் அவனைத் தோளில் தூக்கிய கூட்டம் என் பெயரை ஒரு தடவையாவது கேட்டதுண்டா? ஆமாம், பொறாமைதான். என் உயிர் நண்பன்மேல் எனக்குப் பொறாமை. அதையும் எழுதிவிடுகிறேன்.

கதிர் இறங்கி போனட்டைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தான். அவசரத்தில் அளவு குச்சியை இழுத்துப் பார்க்கவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

"என்னடா பண்ற?" என்று முன்னாலிருந்து கேட்டான்.

"சும்மா, முதல் ஓட்டத்துக் கணக்கைப் பாக்கறேன்."

"மேப்பைத் தொட்டுப்போடாதீடா!"

"தொடலடா" என்று சொல்லிக்கொண்டே முப்பதை முப்பத்தேழு ஆக்கினேன்.

வண்டியில் இருந்த மீட்டர் முப்பது வரைக்கும்தான் காட்டும். முள் முப்பதில் முட்டி நின்றுவிடும். உண்மையான எண் என் மடியில் இருந்த திரையில் மட்டும்தான் தெரியும். இதையும் யோசித்துத்தான் செய்தேன்.

இரண்டாவது ஓட்டம். கோட்டில் நின்றபடி கதிர் ஒரு காலால் பிரேக்கை அழுத்தி, மறு காலால் ஆக்சிலரேட்டரை மிதித்தான். டர்போவின் விசில் ஏறியது. என் திரையில் முப்பது, முப்பத்துமூன்று, முப்பத்தாறு... திடீரென்று அந்த விசில் அலறலாக மாறியது. பின்னால் வெள்ளைப் புகை எழுந்து சாலையையே மறைத்தது. கதிர் காலை எடுத்துவிட்டான். வேகம் குறையவில்லை! சாவியைத் திருப்பினான், அணையவில்லை. இன்ஜினைத் திணறடித்து நிறுத்த, கியரைப் போட்டு கிளட்சை விட்டுப் பார்த்தான்; முதல் ஓட்டத்திலேயே வெந்திருந்த கிளட்ச் வழுக்கியது. குதித்து இறங்கி போனட்டைத் தூக்கினான். பந்தயத்துக்காகக் காற்று ஃபில்டரைக் கழற்றி வைத்திருந்ததால் டர்போவின் வாய் திறந்து கிடந்தது.

"ரங்கா! பலகை!" என்று கத்தினான்.

பலகை என் காலடியில் இருந்தது. குனிந்தால் கைக்கு வரும். நான் குனியவில்லை.

கூட்டம் எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. என் திரையில் சிவப்பு எழுத்தில் முப்பத்தேழு என்று இருந்தது. முதலில் கேபிளைப் பிடுங்கினேன். லேப்டாப்பை மூடினேன். பைக்குள் வைத்தேன். பையின் ஜிப் பாதியில் சிக்கியது... அதை இழுத்தேன். கடவுளே! ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்!

அதற்குப் பிறகுதான் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் கதிர் வண்டி துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றி அந்த வாயில் வைத்துவிட்டான். இன்ஜின் வெடித்தால் பக்கத்துச் சீட்டில் இருக்கும் நான் செத்துவிடுவேன் என்று பயந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னான். நான் இன்னும் இறங்கவில்லை என்பதைப் பார்த்திருக்கிறான். ஏன் இறங்கவில்லை என்று அவன் யோசிக்கவில்லை. பயத்தில் உறைந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் கையை இழுத்து விலக்கி, நான் பலகையை வைத்து அழுத்தினேன். வண்டி திணறி நின்றது. எல்லோரும் பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

காரில் கோவை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் கதிர் என் மடியில் தலை வைத்துப் புலம்பிக்கொண்டே வந்தான். "ஆயில சாஸ்தி ஊத்திப்போட்டேன்டா... குச்சியப் பாக்காம ஊத்திப்போட்டேன்... என்ர புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

"பேசாம இருடா" என்றேன். அவனைச் சமாதானப்படுத்தியதாகக் காரில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அன்று சாயங்காலமே, பட்டறைக்கு இழுத்து வந்திருந்த வண்டியில் பழைய மேப்பை ஏற்றிவிட்டேன். முப்பத்தேழு என்று ஒரு எண் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

அவன் மனைவி சுமதி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் பலகைய வெக்கலீனா, மணிக்கட்டோட போயிருக்குமுங்களேண்ணா!" நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

கதிர் பந்தயத்தை விட்டுவிட்டான். தோப்பைப் பார்க்கிறான். கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்கார மாட்டான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துக்கொண்டு இலையில் எதைப் பிசைவது? வீட்டில் இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுகிறான். ஒரு விசேஷத்தில் நானும் உட்காராமல் அவனோடு நின்றேன். "நீ போய்ச் சாப்புடுடா, எனக்கோசரம் நீ எதுக்குப் பட்டினி கெடக்கற" என்று தள்ளிவிட்டான். போய் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

பொங்கலுக்குப் பொங்கல் அவன் தோப்பிலிருந்து ஒரு மூட்டை தேங்காய் வரும். எடுத்து உடைக்கக் கை வருவதில்லை. மூலையில் கிடந்து முளைவிட்டுப் போகும்.

பட்டறைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். அம்மா காரமடையில் அண்ணனோடு இருக்கிறாள். ஒரு தடவை எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அந்தப் பெண் நல்ல மாதிரி. "உங்களுக்கு ரொம்ப நெருங்குன சிநேகிதர் யாருங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது வண்டியைச் சோதனைக்கு எடுத்துப் போகும்போது நானே ஓட்டுகிறேன். பக்கத்துச் சீட்டில் லேப்டாப் மட்டும் இருக்கும். சில நாள் அவிநாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது வாய்விட்டுப் பேசுகிறேன். "டேய் கதிர், நான்தான்டா" என்று ஆரம்பித்து, பச்சை விழுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கு இருந்தது ஒரே சிநேகிதன். மனதில் இருப்பதைக் கொட்ட அவனிடம்தான் போக வேண்டும், அவனிடம்தான் போக முடியாது.

போன மாதம் அவன் அப்பா இறந்துபோனார். மனிதர் கடைசி வரை மகனின் விரல்கள் போனதை மறக்கவில்லை. யார் வந்தாலும் மகனைக் காட்டி, "ஆயிலூத்தத் தெரியாம கையக் குடுத்துட்டு வந்தவனுங்க" என்பார். கதிர் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தால், ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றிய அந்த நினைப்போடு போயிருக்க மாட்டார். இனி அதைத் திருத்த யாராலும் ஆகாது.

கொடுமுடியில் காரியம். கதிர் என்னையும் கூட வரச் சொன்னான். காவிரிக் கரையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். வலது கையில்தான் வாங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட வேண்டும். அவனுக்கு ஆள்காட்டி விரல் எங்கே? ஊற்றிய தண்ணீர் நிற்காமல் எல்லாப் பக்கமும் வழிந்தது. எள் மடியில் கொட்டியது. இரண்டு தடவை முயன்று பார்த்தான். புரோகிதர் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் கீழே தாங்கிக்கோங்கோ" என்றார்.

அவன் கைக்குக் கீழே என் கையை ஏந்தினேன். அவன் அப்பாவுக்கான தண்ணீர் என் விரல்கள் வழியாக இறங்கியது.

அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாக! ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்தோம். "கதிர்..." என்று ஆரம்பித்தேன். அவன் அதே நேரத்தில் பேசினான்.

"உன்ர கிட்ட ஒன்னு கேக்கோணும்னு எட்டு வருசமா நெனச்சுட்டு இருக்கறன்டா."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நொடி நிம்மதியாகக் கூட இருந்தது.

"அன்னைக்கு நான் பலகைன்னு கத்துனனா? இல்ல, கத்துனதா மனசுக்குள்ள நெனச்சுட்டனா? எனக்கே வெளங்கலடா. உனக்குக் கேட்டுச்சா?"

கதவை அவனே திறந்து வைத்துவிட்டான். ஒரே ஒரு சொல் போதும். அவன் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கேக்கலடா... இன்ஜின் சத்தம்" என்றேன்.

கதிர் வேட்டி நுனியைப் பிழிந்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"அப்ப நான் கத்தவே இல்லையாட்ட இருக்குது. பயத்துல வாயே வரல. அதும் என்ர தப்புதான். சரி, வாடா, சாப்பிடப் போலாம்."

எழுந்திருக்க என் தோளைப் பிடித்தான், அந்தக் கையால். இரண்டு விரல்களின் அழுத்தம் சட்டை இல்லாத தோளில் தெரிந்தது.

உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். அவன் கத்தினான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டும் எனக்குக் கேட்டது.