அத்தாவுக்கு வாய் எப்படி?

அந்தப் பிள்ளையின் அத்தாவுக்கு வாயில் ஏதோ கோளாறு என்று நான் நம்பினேன். நான் இங்கிலீஷ் வாத்தியார். எனக்கு எல்லாமே இங்கிலீஷாகத்தான் காதில் விழும். கோடு போட்ட தாளை நாலாக மடித்து அவள் கொண்டுவந்த லீவு லெட்டரில் இருந்தது இவ்வளவுதான்: "அத்தா மவுத். அதனால மூணு நாள் வரல சார்." எலவனாசூர்கோட்டைக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம். எட்டாம் வகுப்பில் அவள் ஒருத்திதான் முஸ்லிம் பிள்ளை. அத்தா என்றால் அப்பா என்கிற வரைக்கும் எனக்குத் தெரியும். அதையே பெரிய அறிவாக நினைத்துக்கொண்டு லெட்டரை உரக்கப் படித்தேன்.

"வாயின்னு தமிழ்ல எழுதக் கூடாதாம்மா? இன்னா ஆச்சு, பல்லா, புண்ணா? உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொல்லு."

வகுப்பே சிரித்தது. ஒரு நொடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றவள், பிறகு தானும் சிரித்தாள்.

ஜோக் எடுபட்டால் சும்மா விடுகிற ஆளா நான்? தினமும் வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும், "அத்தாவுக்கு வாய் எப்படி?" என்பேன். "பரவால்ல சார்." "கொப்புளிக்கிறாரா?" "கொப்புளிக்கிறாரு சார். கஞ்சிதான் குடிக்கிறாரு." மறுவாரம் அத்தா இட்லி சாப்பிட்டார். அதற்கடுத்த வாரம், "மொபெட்ல பிளாஸ்டிக் குடம் கட்டிக்கினு மலைக்கு யாவாரத்துக்குப் போயிட்டாரு சார்" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை கள்ளக்குறிச்சி டீக்கடையில் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். கடைக்காரர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. டீ ஆற்றிய கையை நிறுத்திவிட்டு, "சார், எங்க வூட்ல மவுத்துன்னா சாவுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் கண்முன் வந்தது என் சஸ்பெண்ட் ஆர்டர்தான். பிள்ளை இரண்டாவதாகத்தான் வந்தாள். பிறகு, பிள்ளை ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று கிணறு, கயிறு, தண்டவாளம் என்னென்னவோ வந்தது. ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பறந்தேன். மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் வெகுதூரம் போன பிறகுதான், நான் போகவேண்டியது எலவனாசூர்கோட்டைக்கு என்பதே உறைத்தது.

அவள் வீடு ஒரே அறை. புருஷன் இறந்தால் நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருப்பார்களாம். இத்தா என்று பெயர். அந்த இத்தாவில் இருந்த அவள் அம்மாவின் குரல் மட்டும் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "நீங்கதான் அவங்க அத்தாவப் பத்தித் தெனம் விசாரிக்கிறீங்களாமே சார். வேற யாரு கேக்குறாங்க? அதுக்கோசரமே அது பள்ளிக்கூடத்துக்கு ஓடுது."

ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நின்றேன். வாசல்வரை வந்த அவளிடம், "மன்னிச்சிடும்மா" என்று ஆரம்பித்தேன்.

அவள் முகம் பயந்துபோனது. "க்ளாஸ்ல சொல்லிடாதீங்க சார். அங்க மட்டுந்தான் அத்தா நல்லா இருக்கிறாரு. நீங்க எப்பவும் போல கேளுங்க சார்."

பெரிய மனுஷனைப் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அவள் பெயரைப் படித்தேன். "உள்ளேன் சார்" என்றாள். உட்காரவில்லை. நான் கேட்பதற்காக நின்றாள். ஊரே வாயாடி என்று சொல்லும் எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த பெயருக்குப் போனேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் நின்றாள். புதன்கிழமை நிற்கவில்லை. வருஷக் கடைசி வரைக்கும் அந்த இரண்டு வார்த்தையைத் தவிர என் வகுப்பில் அவள் வேறெதுவும் பேசவில்லை. அடக்கமான பிள்ளை என்று மற்ற ஆசிரியர்கள் மெச்சினார்கள்.

அந்த லெட்டர் இன்னமும் என் மேஜை டிராயரில், அதே நாலு மடிப்பில் இருக்கிறது. இப்போதும் நான் வகுப்பில் ஜோக் அடிக்கிறேன். ஆனால் பெயர் கூப்பிட்ட பிறகும் ஒரு பிள்ளை உட்காராமல் நின்றால், அடுத்த பெயருக்குப் போகாமல் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அவள் எழுதியதில் பிழையே இல்லை. அவள் அத்தா வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில், மொபெட்டில் கட்டிய குடங்களோடு, நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.