கதவில் காளை போட்ட கார்

ஞாயிறு காலை பத்து நாற்பது. ஷோரூமில் இரண்டு கார்களின் மேல் போர்த்தியிருந்த சிவப்புத் துணியை ஒரே சமயத்தில் இழுத்தார்கள். அந்த நிமிடத்தை நான் கைபேசியில் படம் பிடித்திருக்கிறேன். அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஒன்று என் மகனுடையது. மற்றது பல்லடத்திலிருந்து வந்த, அவன் வயதே உள்ள ஒரு பையனுடையது. இருவருக்கும் ஒரே முகூர்த்தம் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் ஒரே பச்சை. இரண்டுக்கும் கறுப்புக் கூரை. இரண்டின் கதவிலும் கொம்பைத் தாழ்த்திய காங்கேயம் காளை, ஒரே அளவில், ஒரே இடத்தில்.

மூன்று வாரம் முன்பு அதே ஷோரூமில், ஆளுயரத் திரை முன்னால் நின்று என் மகன் அந்தக் காரைத் தானே உருவாக்கினான். விற்பனைப் பெண்ணுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான். நிறம், கூரை, சீட்டின் தையல்நூல் என்று அவள் கேட்கக் கேட்க, அவன் விரலால் தொட்டுத் தொட்டு மாற்றினான். காளையை அவள்தான் எடுத்துக் காட்டினாள். "திருப்பூர்லயே உங்களுக்கு மட்டுந்தாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபது வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அதே வாக்கியத்தை ஆர்டர் கொடுக்க வரும் எத்தனை பையர்களிடம் சொல்லியிருப்பேன். ஒருவருக்கென்று போட்ட பிரிண்ட்டைக் காலரை மாற்றி அடுத்தவருக்குக் காட்டுவோம். மிஞ்சியது டஜன் கணக்கில் மலிவாக விற்கும் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். நான் கம்பெனியில் வேலை என்றதும் அந்தப் பெண், தன் அப்பாவும் பனியன் கம்பெனியில்தான் டெய்லர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர் என்றாள். இது எல்லோரிடமும் சொல்வதுதான் என்று அன்றே மகனைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். கல்லூரியைப் பாதியில் விட்ட பிறகு அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

துணி விழுந்ததும் பல்லடத்துப் பையனின் நண்பர்கள் மூவரும் சிரித்தார்கள். வீடியோ எடுத்தார்கள். அந்தப் பையன் என் மகனின் தோளில் கை போட்டான்.

"காதர்பேட்டைல டஜனாக் கேட்டிருந்தா இன்னும் கம்மியாக் குடுத்திருப்பாங்க மாப்ள."

சாவி வாங்குவதுபோல் படம் எடுக்க, ஒட்டுப்பலகையில் அறுத்த மூன்றடிச் சாவி ஒன்றை என் மகன் கையில் கொடுத்திருந்தார்கள். அதில் அவன் பெயர்கூட எழுதியிருந்தது. அதை ஓங்கினான். முதல் அடி அந்தப் பையனின் காதோரம் விழுந்து தோல் பிளந்தது. அடுத்த அடியில் அந்தப் பையனுடைய காரின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. நண்பர்கள் என் மகனைக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். ஆரத்தித் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் சிவப்பு. நான் யார் சட்டையையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். என் மகன் எழுந்து கண்மண் தெரியாமல் சாவியை வீசினான். போதும் என்று சொல்லிக்கொண்டே அந்த விற்பனைப் பெண் குறுக்கே வந்தாள். பலகைச் சாவியின் பல் அவள் இடது கண்ணில் இறங்கியது.

முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

என் மகன் சாவியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினான். எங்கள் காரின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத பின்சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் ஓட்டினான்; அந்தக் காரின் முதல் ஓட்டம் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் பார்வை போய்விடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போகாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாராச்சும் கேட்டா, அந்தப் புள்ள வழுக்கி விழுந்துருச்சுன்னு சொல்லு சாமி" என்றேன்.

அவன் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் அப்பா வந்தார். தையல் மெஷினிலிருந்து எழுந்து அப்படியே வந்திருந்தார். சட்டையெல்லாம் நூல் பிசிறு. ஷோரூமில் அவரிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. என் மகனின் சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்து நேராக அவனிடம் வந்தார். அவன் எழுந்து வாயைத் திறந்தான். அதற்குள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எம்புள்ளையத் தூக்கிட்டு வந்தது நீங்கதானாய்யா? புதுச் சட்டையெல்லாம் ரத்தமாயிருச்சே. நீங்க நல்லா இருக்கணும், தம்பி."