கயிறு பிடித்தவர்

போன ஆடி மாதம், தூத்துக்குடியில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஏற்றுமதிக்காரர் போன் போட்டு "மேடம், என் கன்டெய்னர் எங்கே?" என்று அலறுவார். நான் கம்ப்யூட்டரைத் தட்டி, அது கொழும்பில் கப்பல் மாறக் காத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லி அவர் வயிற்றில் பாலை வார்ப்பேன். எங்கே ஒளிந்தாலும் தேடிப் பிடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் எங்கள் தாத்தாவையும் தேடக் கிளம்பினேன்.

தாத்தா என்றால் அப்பாவுடைய அப்பா. முத்துக்குளிக்கப் போன இடத்தில் இறந்துவிட்டார். அப்பா அப்போது கைக்குழந்தை. இன்றைக்கு அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நாலு மாடி உயரத்தில் உட்கார்ந்து ஊரையே பார்த்த மனிதர், தன்னைப் பெற்றவரின் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. படம் கிடையாது. புதைத்தது மணலில்; மரச்சிலுவை எந்தக் காற்றில் போனதோ தெரியாது. எங்கள் ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே என் அம்மா உட்பட இறந்துபோன எல்லாரும் வரிசையாகத் தொங்குகிறார்கள். தாத்தாவுக்கு மட்டும் அங்கே இடம் காலி.

கல்லறைத் திருநாள் வந்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். அம்மாவின் கல்லறையில் பூ வைத்து முடித்ததும் அப்பா தனியே நடந்துபோய், நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவார். கல்லறை இல்லாதவர்களுக்கு எல்லாரும் அங்கேதான் கொளுத்துவார்கள். ஒருமுறை திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "மொகத்த நெனச்சு செபம் சொல்லலாம்னு கண்ண மூடுதேன். ஒண்ணுமே வரமாட்டேங்குளா."

எங்கள் வீட்டில் பேச்சே எடுக்கக்கூடாத ஆள் ஒருவரும் உண்டு. அப்பாவின் தாய்மாமா. கடலுக்கு அடியில் இறங்கும் குளியாளியின் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனையை மேலே வள்ளத்தில் ஒருவர் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் அசைத்ததும் இழுத்துத் தூக்க வேண்டும். அன்றைக்குத் தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் அந்த மாமாதான். அவர் கவனமில்லாமல் இருந்ததால்தான் தாத்தா போனார் என்று அப்பாவின் அம்மா சாகிறவரை சொன்னார்களாம். மாமா கடல் தாண்டி மன்னாருக்குப் போய்விட்டார். அதோடு அந்த உறவு அறுந்தது.

தேட ஆரம்பித்தபோதுதான் என் திமிர் கொஞ்சம் இறங்கியது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஒரே போர்ச்சுக்கீசியக் குடும்பப் பெயர். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் கோவாவில் மீன் குழம்பு விற்பவரும் லிஸ்பனில் பந்து விளையாடுபவரும் வந்து நிற்கிறார்கள். கடைசியில் கைகொடுத்தது, உறவுக்காரர்களுக்கென்று யாரோ ஆரம்பித்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழு. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவில், தாத்தா பாட்டியின் பெயரையும் தெருவையும் எழுதி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டு வைத்தேன்.

மன்னாரிலிருந்து ஒரு பெண் எழுதினாள். அந்த மாமாவின் மகன் வழிப் பேத்தி. எனக்கு மதினி முறை. "ஓம், எங்கட அப்பப்பா உங்கட தெருதான். எங்கட வீட்டுல ஒரு படம் இருக்கு. அப்பப்பாவும் அவற்ற மச்சானும். ஆர் எவரெண்டு சொல்ல இப்ப ஒருத்தரும் இல்லை" என்றாள். அவளுடைய அப்பாவுக்கு விவரம் தெரிவதற்குள் அந்த மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவர் மனைவி இருந்தவரை கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லையாம். இது எந்த வீட்டில்தான் நடக்காமல் இருக்கிறது?

கூடவே ஒரு போட்டோவும் அனுப்பினாள். அவள் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் எடுத்தது. வெள்ளை உடுப்புப் பிள்ளைக்குப் பின்னால் சுவரில் அந்தப் பழைய படம். ஒரு பாதியை பிளாஸ்டிக் பூச்சாடி மறைத்திருந்தது. மறுபாதியில் ஒரு முகம். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி, அதே காது. இளவயது அப்பா. கண்கள் மட்டும் வெட்கப்படுவதுபோல் கீழே பார்த்தபடி இருந்தன.

பிறகென்ன, சந்தேகமே இல்லை. படத்தில் இரண்டு பேர். ஒருவர் என் தாத்தா. இந்த ஆள் அப்பாவை உரித்து வைத்திருக்கிறார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் கண்ணாடி மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து மறுபாதி வெள்ளையாக வந்தது. திருவிழாவுக்குத் தூத்துக்குடி வரும்போது தானே கொண்டுவருவதாக அவள் சொல்ல, நானும் விட்டுவிட்டேன். எனக்கு வேண்டிய முகம்தான் கிடைத்துவிட்டதே.

அதைத் தனியாக வெட்டி, ஸ்டூடியோவில் கொடுத்துத் துலக்கி, சட்டம் போட்டு அப்பா கையில் கொடுத்தேன். அப்பா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தில் முத்தம் வைத்தார். என் அம்மா இறந்த அன்றுகூட எங்கள் முன்னால் அழாத மனிதர், குழந்தை மாதிரி விம்மினார். எனக்கும் தாங்கவில்லை, அடுப்பைப் பார்ப்பதுபோல் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்துதான். படத்துக்குச் சின்ன பல்பு மாட்டினார். தினமும் மல்லிகைப்பூ. குளித்துத் தலை சீவியதும் படத்தின் முன்னால் போய் நின்று, தன் முகத்தையும் அந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஒருநாள் கிரேனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எவ்வளவு பயந்தேன் என்று அந்தப் படத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டும் கேட்காத மாதிரி நடந்துபோனேன்.

மதினி வரும் நாள் நெருங்கியதும் அப்பா முகம் மாறியது. "கயித்த விட்டவன் பேத்தி என் வாசல மிதிக்கணுமா?" என்றார். "அந்தப் படத்த அவங்கதானேப்பா வச்சிருந்தாங்க?" என்றேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் வந்த அன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம், அங்கிருந்து பஸ். என் வயதுதான் அவளுக்கு. பெட்டி ஒரு கையில், பழைய சேலையில் சுற்றிய சட்டம் மறு கையில். பஸ்ஸில் வழி முழுக்க மடியிலேயே வைத்து வந்தாளாம். அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ மாமா, படத்தில இருக்கிறவர் எழும்பி வந்த மாதிரி இருக்கு" என்றாள். அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. ஆனாலும் "வா" என்று ஒரு சொல்தான் சொன்னார்.

சேலையைப் பிரித்துப் படத்தை மேசை மேல் வைத்தாள். புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. சண்டைக் காலத்தில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடியபோது, நகையைக்கூட மறந்துவிட்டு, அவள் அம்மா சுவரிலிருந்து கழற்றிக்கொண்டது இதைத்தானாம். முகாமில் கூடாரத்துக் கம்பில் தொங்கவிட்டிருந்தார்களாம். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள்.

படத்தில் ஒரு வள்ளத்தின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் எங்களுக்குத் தெரிந்த முகம். இன்னொருவர் ஒல்லி, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கேமராவைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலில் தெரிந்த முகத்தைத் தடவினார். பிறகு அவர் விரல் நின்றது. அந்த ஒல்லி மனிதரின் இடுப்பில் இருந்த முடிச்சுக்குப் போய், அங்கிருந்து கயிறு வழியே மெதுவாக நகர்ந்து, தெரிந்த முகத்துக்காரரின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

அப்பா அந்தக் கயிற்றை இன்னொரு முறை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"கயிறு யார் கையில இருக்கு, பாத்தியாளா?" என்றார் பிறகு. எனக்கு விளங்கவில்லை. "முத்துக்குளிக்கப் போனா கயித்த வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டாவ. பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் பிடிக்கணும். கூடப்பொறந்தவ தாலிய அறுக்க மனசு வராதுல்லா. இது எங்கப்பா இல்ல. மாமா."

நான் சுவரைப் பார்த்தேன். பல்பும் மல்லிகைப்பூவுமாக மாமா தொங்கிக்கொண்டிருந்தார். எந்த மனிதரின் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாதோ, அவருக்குத்தான் இத்தனை நாள் முத்தம், பூ, கிரேன் கதை எல்லாம். ஆண்பிள்ளைக்குத் தாய்மாமன் சாயல் வருவது ஊர் அறிந்த விஷயம். அது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை.

அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எங்கம்மா சில நாள் என் மொகத்தப் பாக்க மாட்டா. சோத்தப் போட்டுட்டு அங்கன திரும்பிக்கிடுவா. ஏன்னு இப்பல்லா தெரியுது" என்றார். எங்கள் வீட்டில் ஏன் தாத்தா படம் இல்லை என்பதும் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. இருவரும் நிற்கும் இதே படத்தின் பிரதி எங்களுக்கும் வந்திருக்கும். தம்பியைப் பார்க்கப் பிடிக்காமல் பாட்டி தன் கணவனையும் சேர்த்துத் தொலைத்திருப்பார்கள்.

அந்தக் கீழ்ப்பார்வையையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெட்கம் இல்லை. படம் எடுக்கிறவரை விட்டுவிட்டு, அந்த மாமா மச்சான் இடுப்பில் இருந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா மதினியிடம் கேட்டார்: "உங்க தாத்தா அதப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

"ஒண்டும் கதைக்கேல்லையாம் மாமா. அதுக்குப் பிறகு அவர் கடலுக்கே போகேல்ல. சைக்கிள் கடைதான் வச்சிருந்தவர். எங்கட அப்பா பிறந்தவுடன மச்சான்ர பெயரை வச்சவர்." அப்புறம் படத்தைக் காட்டினாள். "நாங்க செபமாலை சொல்லேக்க இவை ரெண்டு பேருக்கும்தான் மெழுகுதிரி கொளுத்துறது. ஒரு நாளும் விட்டதில்லை."

அப்பா எழுந்தார். அவள் தலையில் கை வைத்தார். "ஏளா மருமகளே, சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் எல்லாம் முடிந்தது.

அன்றைக்கு அப்பா தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்புதான் அவரை என்னவோ செய்துவிட்டது. "செத்தவராவே நெனச்சிட்டு இருந்தேன். இப்படிச் சிரிச்சிருக்காரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடலுக்கு அடியில் அன்று என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இனிமேல் யாருக்கும் தெரியப்போவதுமில்லை.

மறுநாள் பிரதி எடுக்க மூவரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். கண்ணாடியோடு அப்படியே எடுத்தார்கள். "அண்ணாச்சி, ரெண்டு பேரையும் தனித்தனியா வெட்டி, கலர் குடுத்துப் போட்டுத் தாரேன். நல்லாருக்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர். அப்பா பதறிவிட்டார். "வேண்டாம் தம்பி. கயித்த வெட்டிராதீங்க" என்றார்.

இப்போது எங்கள் ஹாலில் அந்தப் படம் முழுசாகத் தொங்குகிறது. மன்னாரிலும் அதே படம். இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் அப்பா பெரிய சிலுவையடிக்குப் போனார். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். திரும்பி வரும்போது கேட்டேன், "மொகம் வந்துச்சாப்பா?"

"ரெண்டு பேருமே வாராவ" என்றார்.

எந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கும் தேடிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நாங்கள் முகம்கூடத் தெரியாமல் விட்ட எங்கள் ஆளுக்கு, நாங்கள் பெயர்கூடச் சொல்லாமல் ஒதுக்கிய வீட்டில், கடலுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், நமக்காக எங்கே யார் வேண்டிக்கொண்டிருக்கிறார்களோ என்று வாயடைத்து நிற்கிறேன்.