எலக்ட்ரானுக்கு நான் போட்ட இரண்டு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஹாலில் நடந்தது இது. அறிவியல் பிடித்த பத்துப் பதினைந்து பேர் மாதம் ஒருமுறை அங்கே கூடிப் பேசுவோம். அன்று பேச வேண்டியவன் நான்.

எனக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. ஆனால் அப்போதே ஆறு வருடமாக மனசு முழுக்க எலக்ட்ரானிடம்தான். அதற்கு 'ஸ்பின்' என்று ஒரு குணம் உண்டு. அதனால் அது குட்டிக் காந்தம் போல நடந்துகொள்ளும், ஆனால் நிஜமாகச் சுற்றவில்லை என்று பாடப் புத்தகம் சொல்லும். சுற்றாததற்கு எதற்கு அந்தப் பெயர் என்று கல்லூரியிலேயே எனக்குக் கோபம். அது நிஜமாகவே சுற்றுகிறது, பழைய இயற்பியலே போதும் என்று நிரூபிக்க நோட்டு நோட்டாக எழுதினேன். மறுநாள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு முழுநேரமும் இதில் இறங்குவதாக இருந்தேன். மகள் பிளஸ் டூ முடிக்கும்வரையாவது பொறு என்று மனைவி கெஞ்சியும் கேட்கவில்லை.

பேசி முடித்ததும் கைதட்டினார்கள். மதுராந்தகத்தில் டியூஷன் எடுக்கும் ஒரு பெண்மணி மட்டும் பலகையில் நான் எழுதியிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாலாவது வரில ஒரு ரெண்டு கீதே, அது எங்கேந்து வந்துச்சி?"

அது வடிவக் காரணி, எலக்ட்ரானின் வடிவத்துக்காகப் பெருக்கும் எண் என்றேன். எந்த வடிவம் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இது பள்ளிக்கூடக் கணக்கு இல்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

உண்மை எனக்குத் தெரியும். சுற்றும் பந்தாக வைத்துக் கணக்குப் போட்டால், காந்த வலிமை ஆய்வகத்தில் அளந்ததில் சரிபாதிதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஒரு வருடம் முட்டி மோதிவிட்டு, பேசாமல் இரண்டால் பெருக்கி அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டேன். நாளாக ஆக நானே அதை நம்பவும் தொடங்கிவிட்டேன்.

மதியம் பிரியாணித் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவரிடம் போய், அந்த இரண்டை நானாகத்தான் போட்டேன் என்று சொன்னேன்.

"உங்க ஐடியா தப்புன்னு நான் சொல்ல வர்ல சார். அந்த ரெண்ட எடுத்துட்டு, வர்றது வரட்டும்னு இன்னொரு தபா போட்டுப் பாருங்க."

எல்லோர் முன்னாலும் பலகைக்குப் போய் இரண்டை அழித்தேன். விடை பாதியாகிவிட்டது. என் தியரி அங்கேயே படுத்துவிட்டது. எரிந்து விழுந்ததற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

மறுநாள் கூடுவாஞ்சேரியிலிருந்து வழக்கமான கம்பெனி காரில் ஆபீஸ் போனேன். கடிதம் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதில்லை என்று முந்தின இரவே மனைவியிடம் சொல்லியிருந்தேன், சாப்பாட்டு டப்பாவில் கூடுதலாக ஒரு முட்டை இருந்தது.

அதற்காகக் கணக்கை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். பந்துக்குள் எடை ஒரு விதமாகவும் மின்னூட்டம் வேறு விதமாகவும் பரவியிருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு தானாக வந்தால் வரட்டும். கடைசிவரை வராவிட்டால் பாதிதான் வந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போவேனே தவிர, இன்னொரு முறை என் கையால் அதைப் போட மாட்டேன்.